ஜான் ஆலிவர் நிகழ்ச்சியை எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பாதி புரியவில்லை. கண்ணாடி போட்ட ஒரு பிரிட்டிஷ்காரர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சுவிடாமல் பேசுகிறார், அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கிறது, நான் மட்டும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. நீங்கள் அந்தச் சிரமம் படாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன்.

ஆலிவர் நடத்தும் 'லாஸ்ட் வீக் டுநைட்' என்ற நையாண்டிச் செய்தி நிகழ்ச்சி 2014 ஏப்ரலில் எச்பிஓ என்ற அமெரிக்கக் கட்டண சேனலில் தொடங்கியது. அமெரிக்காவில் ஞாயிறு இரவு 11 மணிக்கு, அதாவது நமக்குத் திங்கள் காலையில், சுமார் அரை மணி நேரம் வரும். முதலில் அந்த வாரச் செய்திகள், நடுவில் டிவிக்காரர்கள் உளறியதை ஒட்டிப்போட்ட குட்டித் துணுக்கு, அப்புறம் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பதினைந்து இருபது நிமிடம் பிரித்து மேய்வது. நமக்கு வேண்டியது இந்தக் கடைசிப் பகுதிதான், அது பெரும்பாலும் யூட்யூபிலேயே கிடைக்கும்.

புது எபிசோடில் ஆரம்பிக்காதீர்கள். எந்த செனட்டர் யாரைத் திட்டினார் என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்கே அடுத்த மாதம் மறந்துவிடும். 2016 நவம்பரில் வந்த எம்எல்எம் எபிசோடை எடுங்கள். சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, காபியைக் குடித்துவிட்டு, வெள்ளைத்தாளில் வட்டம் வட்டமாகப் போட்டு 'உங்களுக்குக் கீழே ஐந்து பேர்' என்று ஆரம்பிப்பாரே, அதே கதைதான், அதனால் அமெரிக்க அரசியல் ஒன்றுமே தெரியாமல் சிரிக்கலாம்.

சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், வேகத்தை 0.75க்குக் குறைத்தாலும் தப்பில்லை. ஒரு தகவலைச் சொன்னதும் அவர் ஓர் உவமையைத் தூக்கிப் போடுவார், அதில் நாம் கேள்வியே படாத நடிகரோ பர்கர் கடையோ வரும். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், கூகுளில் தேடிக்கொண்டிருந்தால் அடுத்த நான்கு ஜோக் போய்விடும்.

இதுவரை சொன்னது சிரிப்பதற்கு. பிடித்த எபிசோடை இரண்டாவது முறை பாருங்கள், இந்த முறை நன்றாகச் சிரிப்பு வந்த இடங்களில் நிறுத்துங்கள். சிரிக்கும்போது நாம் கேள்வி கேட்பதில்லை, அது அவருக்கும் தெரியும்.

2016 ஜூனில் வந்த கடன் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்காரர்கள் 50 டாலர் செலவில் மிசிசிப்பியில் ஒரு வசூல் கம்பெனியைப் பதிவு செய்து, ஏறக்குறைய 9,000 பேருடைய மருத்துவக் கடனை, மொத்தம் கிட்டத்தட்ட 1.5 கோடி டாலரை, வசூலிக்கும் உரிமையைச் சுமார் 60,000 டாலருக்கு வாங்கி அப்படியே தள்ளுபடி செய்தார்கள். அவர் பெரிய சிவப்புப் பொத்தானை அழுத்த, மேலிருந்து டாலர் நோட்டாகக் கொட்டும். எனக்குப் புல்லரித்துவிட்டது. ரெண்டாவது தடவை பார்க்கும்போதுதான் ஒரு வார்த்தை காதில் விழுந்தது: அவை வழக்குப் போடும் காலம் கடந்துபோன கடன்கள். நம் ஊரில் மூன்று வருடம் தாண்டிய புரோநோட்டு மாதிரி. அதனால்தான் அவ்வளவு மலிவு. அவர் மறைக்கவில்லை, தெளிவாகவே சொன்னார், நான்தான் தொகையைப் பார்த்து வாய் பிளந்ததில் கவனிக்கவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு அது நிம்மதிதான், மறுக்கவில்லை, ஆனால் 1.5 கோடி என்ற எண்ணின் எடை கொஞ்சம் குறைந்துவிடுகிறது இல்லையா?

அடுத்தது, எபிசோடுக்குப் பிறகு என்ன நடந்தது என்று தேடிப் பாருங்கள். 2014 ஜூனில் இணையச் சமநிலை, அதாவது இணைய இணைப்பு தரும் கம்பெனிகள் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது பற்றிப் பேசி, எஃப்சிசி என்ற அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்துக்குக் கருத்து அனுப்பச் சொன்னார், அந்தத் தளம் திணறிப்போனது. 2017 மே மாதம் மறுபடி சொன்னபோதும் அதே கதி. இந்த முறை ஆணையம் 'எங்கள் மீது சைபர் தாக்குதல்' என்றது. மறு வருடம் அவர்களுடைய கண்காணிப்பு அதிகாரியே விசாரித்து, தாக்குதலும் இல்லை ஒன்றும் இல்லை, நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம்தான் என்று அறிக்கை கொடுத்தார். எந்த ஜோக்கை விடவும் எனக்கு இதுதான் பிடிக்கும்.

பெரிய கம்பெனிகளை இப்படிக் கிழிக்க எப்படி முடிகிறது என்றால், எச்பிஓ நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் போடுவதில்லை. எச்பிஓ ஏடி&டி என்ற டெலிபோன் கம்பெனியின் கையில் இருந்த காலத்தில் அந்த முதலாளிக் கம்பெனியையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இப்படி ஏழெட்டு எபிசோட் பழகிய பிறகு, அவரை விட உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் அவரைச் சோதித்துப் பாருங்கள். 2020 பிப்ரவரியில், டிரம்ப் இந்தியா வருவதையொட்டி, மோடி பற்றி ஒரு எபிசோட் வந்தது. இங்கே ஹாட்ஸ்டாரில் வரவில்லை, யூட்யூபில் இருந்தது. நாம் வருடக்கணக்கில் பேசித் தீராததை அவர் இருபது நிமிடத்துக்குள் எப்படி அடக்குகிறார், எதை எடுக்கிறார், எதை விடுகிறார் என்று குறித்துக்கொண்டே பாருங்கள். மற்ற நாடுகளைப் பற்றிய எபிசோடுகளிலும் அதே அளவு வெளியே போயிருக்கும் என்று அப்போது ஒரு கணக்கு கிடைக்கும்.

இதைத் தனியாகப் பாருங்கள். நான் குடும்பத்தோடு பார்த்தேன், சித்தப்பா அரை நாள் பேசவில்லை.