வேல்ஸில் ஒரு புதிய வெல்ஷ்வழித் தொடக்கப்பள்ளி: திட்டமிடுவதும் கருத்துக் கேட்பதும்

வேல்ஸில் 22 உள்ளாட்சி மன்றங்கள் உள்ளன. அரசு நிதியில் இயங்கும் ஒரு புதிய வெல்ஷ்வழித் தொடக்கப்பள்ளியை முன்மொழிந்து திறக்கும் பொறுப்பு பெரும்பாலும் அந்தந்த மன்றத்தையே சாரும். பெற்றோர் கேட்கலாம், வலியுறுத்தலாம், மழலையர் குழு நடத்தித் தேவையைக் கண்முன் காட்டலாம். சட்டப்படியான முன்மொழிவை வெளியிடுவது மன்றம்தான். ஆகவே முன்மொழிவைத் தயாரிக்கும் அலுவலருக்கும் அதைப் படித்துப் பதில் எழுதப்போகும் பெற்றோருக்கும் பயன்படும் வகையில் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இரு தரப்பாரும் முதலில் கையில் எடுக்க வேண்டியவை 2013ஆம் ஆண்டின் பள்ளித் தரம் மற்றும் அமைப்புச் சட்டமும், அதன்கீழ் வேல்ஸ் அரசு 2018இல் திருத்தி வெளியிட்ட பள்ளி அமைப்பு நெறித்தொகுப்பும் ஆகும்.

ஒவ்வொரு மன்றமும் வெல்ஷ்வழிக் கல்விக்கான உத்தித் திட்டம் ஒன்றை வகுத்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் கூறுகிறது. இப்போதைய திட்டங்கள் 2022 செப்டம்பரில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு நடப்பவை. முதலாம் ஆண்டு வகுப்பில் சேரும் குழந்தைகளில் எத்தனை விழுக்காட்டினர் வெல்ஷ்வழியில் படிக்க வேண்டும் என்ற இலக்கு அதில் எண்ணாகவே குறிக்கப்பட்டிருக்கும். 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசுவோர் 17.8 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 5,38,000 பேர். 2050க்குள் இதைப் பத்து லட்சமாக்குவது அரசின் குறிக்கோள். புதிய பள்ளிக்கான வாதம் இந்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரத்திலிருந்துதான் பிறக்கிறது. ஆனாலும் முன்மொழிவின் முதல் பக்கத்தில் நாட்டளவிலான இலக்கை எழுதிவிட்டு நின்றுவிடக் கூடாது; தம் மன்றத்தின் திட்டத்தில் உள்ள எண்ணை, இந்தப் பள்ளி ஆண்டுக்கு எத்தனை இடங்களால் நெருங்கவைக்கும் என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே பிரிவுள்ள பள்ளி என்றால் ஆண்டுக்கு 30 பேர், ஏழு வகுப்புகளும் நிரம்பி முழுமையடையும்போது 210 பேர். மழலையர் வகுப்பு இதற்கு மேல்.

தேவையை அளவிடுவதில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. பெற்றோரிடம் ஒரு படிவம் கொடுத்து, வெல்ஷ்வழிப் பள்ளி வேண்டுமா என்று கேட்டு, வந்த பதில்களை எண்ணி முடிவெடுப்பது எளிது; அருகில் அப்படியொரு பள்ளியைக் கண்டிராத பெற்றோர் அந்தக் கட்டத்தில் குறியிட மாட்டார்கள் என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. 1939இல் அபெரிஸ்ட்வித்தில் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் முதல் வெல்ஷ்வழித் தொடக்கப்பள்ளியைத் தனியார் பள்ளியாகத் தொடங்கியபோது சேர்ந்தவர்கள் ஏழே குழந்தைகள். இன்றைய படிவக் கணக்கெடுப்பு அன்று நடந்திருந்தால் அந்தக் கோப்பு அன்றே மூடப்பட்டிருக்கும். மன்றமே நிதி கொடுத்து நடத்திய முதல் வெல்ஷ்வழிப் பள்ளி லனெத்லியில் திறக்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனவே படிவத்தை ஒரு சான்றாக மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். அந்தப் பகுதியின் பிறப்பு எண்ணிக்கை, அனுமதி பெற்ற புதிய குடியிருப்புகள், பக்கத்து வெல்ஷ்வழிப் பள்ளியில் இடமின்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், தினமும் பேருந்தில் வெளியூர்ப் பள்ளிக்குச் செல்பவர்கள் என ஒவ்வொன்றும் மன்றத்தின் கோப்புகளிலேயே கிடைக்கும். இவற்றைவிட நம்பகமான சான்று, உள்ளூரில் இயங்கும் வெல்ஷ் மழலையர் குழு. 1971இல் தோன்றிய மிதியாட் மைத்ரின் இயக்கத்தின் குழுக்களில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் வெல்ஷ்வழிப் பள்ளிக்கே செல்கிறார்கள், மற்றவர்கள் ஏன் செல்லவில்லை என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அந்த ஊரில் குழுவே இல்லையெனில், பள்ளிக்கு முன்பாகக் குழுவைத் தொடங்குவதே சரியான வரிசை. படிவத்திலும் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: நடந்து செல்லும் தொலைவில் பள்ளி இருந்தால் சேர்ப்பீர்களா என்று. தொடக்கப்பள்ளி மாணவருக்கு இரண்டு மைலுக்கு மேல் இருந்தால்தான் மன்றம் இலவசப் போக்குவரத்து தர வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டின் விதி. ஒன்றரை மைல் தொலைவில் கார் இல்லாத குடும்பம் என்ன செய்யும் என்பதை இடம் தேர்ந்தெடுக்கும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டடம் எழும்வரை காத்திராமல், வேறொரு பள்ளி வளாகத்தில் மழலையர் வகுப்பையும், முதலாம் ஆண்டுக்கு முந்தைய வரவேற்பு வகுப்பையும் மட்டும் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக வளர்க்கும் நாற்றுப்பள்ளி முறை இப்போது பரவலாகியுள்ளது. கார்டிஃபின் பியூட்டவுன் பகுதிக்கான ஹமாட்ரியட் பள்ளி 2016இல் அப்படித்தான் வேறொரு வளாகத்தில் தொடங்கி, 2019 தொடக்கத்தில் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. மான்மத் நகரின் பள்ளி 2024இல் இதே முறையில் பிறந்தது. இம்முறையில் ஓர் அபாயமும் உண்டு. இறுதியில் பள்ளி எங்கே அமையும், எந்த ஆண்டு இடம் மாறும் என்பது முதல் நாளே எழுத்தில் இல்லாவிட்டால் பெற்றோர் தயங்குவார்கள்; அந்தத் தயக்கத்தால் குறையும் சேர்க்கையையே பிறகு தேவை இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். கட்டுமானச் செலவில் 65 விழுக்காட்டை வேல்ஸ் அரசின் பள்ளிக் கட்டடத் திட்டமே ஏற்க வாய்ப்புண்டு. ஆசிரியர் கிடைப்பதே கடினம் என்பதால், அந்தத் தேடலைக் கட்டட வரைபடத்தோடு சேர்த்தே தொடங்குவது நல்லது.

இனி கருத்துக்கேட்பு. முடிவு உறுதியாகாத நிலையிலேயே கேட்பது, பதில் சொல்லப் போதுமான காரணங்களையும் தகவல்களையும் தருவது, போதிய அவகாசம் அளிப்பது, வந்த கருத்துகளை மனச்சான்றோடு பரிசீலிப்பது ஆகிய நான்கையும் நெறித்தொகுப்பு எதிர்பார்க்கிறது. கருத்துக்கேட்பு ஆவணம் பள்ளி நடக்கும் ஒரு நாளில் வெளியாக வேண்டும். குறைந்தது 42 நாட்கள் அவகாசம் இருக்க வேண்டும். அவற்றில் 20 நாட்களாவது பள்ளி வேலை நாட்களாக இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் ஆவணத்தை ஓசையின்றி வெளியிட்டுக் காலத்தைக் கடத்திவிட முடியாதபடி இது தடுக்கிறது. பாதிக்கப்படும் பள்ளிகளின் பெற்றோர், ஆசிரியர், ஆளுகைக் குழுக்கள், பக்கத்து மன்றங்கள், மறைமாவட்டங்கள், வேல்ஸின் பள்ளி ஆய்வு அமைப்பான எஸ்டின் ஆகிய தரப்புகளுக்கு ஆவணம் போய்ச் சேர வேண்டும். குழந்தைகளுக்குப் புரியும் வடிவம் ஒன்றும் வேண்டும். வெல்ஷ், ஆங்கிலம் இரண்டிலும் ஒரே நாளில், ஒரே தரத்தில் வெளியிட வேண்டும். பியூட்டவுன் போன்ற பன்மொழிப் பகுதிகளில் மூன்றாவது, நான்காவது மொழியிலும் சுருக்கம் தருவது வீண்செலவாகாது, ஏனெனில் வெல்ஷ்வழிப் பள்ளி தமக்கானதல்ல என்று எண்ணி ஒதுங்குபவர்கள் அங்கேதான் அதிகம்.

ஆவணத்தில் எதை விட்டாலும் விடலாம், மொழி மீதான விளைவை விடக் கூடாது. நீத் போர்ட் டால்பட் மன்றம் சுவான்சி பள்ளத்தாக்கில் மூன்று தொடக்கப்பள்ளிகளை மூடிவிட்டு, பொன்டர்டாவேயில் பெரிய ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றைத் திறக்க முடிவெடுத்தது. அது அப்பகுதியின் வெல்ஷ் மொழிக்கு என்ன செய்யும் என்பது குறித்து முறையாகக் கருத்துக் கேட்கப்படவில்லை என்று, வெல்ஷ்வழிக் கல்விக்கான பெற்றோர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2022இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. வெல்ஷ்வழிப் பள்ளி திறப்பவர்களும் தங்கள் திட்டம் இயல்பாகவே மொழிக்கு நன்மை தரும் என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. புதிய பள்ளி பக்கத்து வெல்ஷ்வழிப் பள்ளியிலிருந்து எத்தனை குழந்தைகளை இழுக்கும், ஆங்கிலவழிப் பள்ளிகளில் எத்தனை இடங்கள் காலியாகும் என்பதை ஐந்தாண்டு மதிப்பீட்டோடு வெளிப்படையாகத் தர வேண்டும். மறைத்த எண் பொதுக்கூட்டத்தில் எப்படியும் எழுந்து நிற்கும்.

பொதுக்கூட்டத்தில் வரும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. வீட்டில் வெல்ஷ் தெரியாதே, வீட்டுப்பாடத்துக்கு எப்படி உதவுவது? ஆங்கிலம் பின்தங்காதா? எட்டு வயதில் ஊர் மாறி வரும் பிள்ளைக்கு என்ன வழி? தென்கிழக்கு வேல்ஸில் இப்பள்ளிகளில் படிப்போரில் பெரும்பாலோர் வெல்ஷ் பேசாத வீடுகளிலிருந்தே வருகிறார்கள் என்பதையும், எல்லாவற்றையும் வெல்ஷிலேயே கற்று, அதாவது வெல்ஷில் மூழ்கித் தொடங்கும் குழந்தைக்கு ஏழு வயதிலிருந்து ஆங்கிலம் கட்டாயப் பாடமாகிறது என்பதையும், தாமதமாகச் சேர்பவர்களுக்கு வெல்ஷைத் தீவிரமாகக் கற்பிக்கும் மூழ்கல் மையங்களை வடமேற்கு வேல்ஸின் குவினெத் 1984இலேயே தொடங்கிவிட்டது என்பதையும் அலுவலர் பொறுமையாகச் சொல்லலாம். ஆனால் அப்படியொரு மையம் தம் மன்றத்தில் எங்கே இருக்கிறது என்று காட்ட முடியாவிட்டால் மூன்றாவது பதில் எடுபடாது.

கருத்துக்கேட்பு முடிந்த 13 வாரங்களுக்குள் அறிக்கை வெளியாக வேண்டும். முன்மொழிவைத் தொடர்வதாக இருந்தால், கருத்துக்கேட்பு முடிந்ததிலிருந்தே கணக்கிட்டு 26 வாரங்களுக்குள் சட்டபூர்வ அறிவிப்பு வர வேண்டும். அறிவிப்பிலிருந்து 28 நாட்கள் ஆட்சேபணைக் காலம். பெற்றோர் பலர் ஏமாறும் இடம் இது: கருத்துக்கேட்பில் எழுதிய எதிர்ப்பு ஆட்சேபணையாகக் கணக்கில் கொள்ளப்படாது, இந்த 28 நாட்களுக்குள் மீண்டும் எழுத்தில் தர வேண்டும். ஆட்சேபணைக் காலம் முடிந்த 16 வாரங்களுக்குள் மன்றம் இறுதி முடிவெடுக்க வேண்டும்.

ஒப்புதல் கிடைத்ததும் தற்காலிக ஆளுகைக் குழு அமைத்து, பள்ளி திறப்பதற்கு முந்தைய கல்வியாண்டுக்குள்ளாகவே தலைமையாசிரியரை நியமித்துவிட வேண்டும். சேர்க்கைப் படிவம் வீடுகளுக்குப் போகும் வேளையில் பள்ளியின் பெயர், அது தொடங்கும் வளாகத்தின் முகவரி, போக்குவரத்து ஏற்பாடு ஆகிய மூன்றும் அதில் அச்சாகியிருக்க வேண்டும்.