மாற்று சிக்னல் ஸ்டாக்: டெஸ்ட் பாஸ் ஆனாலும் நம்பக்கூடாத இடங்கள்

லினக்ஸில் ஓடும் சி நிரலின் ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகம்) நிரம்பி வழிந்தால் கெர்னல் சிக்செக்வி (SIGSEGV, தவறான நினைவக அணுகல்) சிக்னலை அனுப்பும். அதற்கான ஹேண்ட்லர் (சிக்னல் வந்ததும் ஓடும் நம் ஃபங்ஷன்) ஓடவும் ஸ்டாக்கில் இடம் வேண்டும். இடம் தீர்ந்ததால்தான் சிக்னலே வந்திருக்கிறது. அதனால்தான் சிக்ஆல்ட்ஸ்டாக் அழைப்பின் மூலம் தனி நினைவகம் ஒன்றை மாற்று ஸ்டாக்காகக் கெர்னலிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். இதைச் சோதிக்கும்போது பலர் ரெய்ஸ் (தனக்கே சிக்னல் அனுப்பும் ஃபங்ஷன்) மூலம் சிக்னலை வரவழைத்து, ஹேண்ட்லர் ஓடியதா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

ஓடத்தான் செய்யும். ஹேண்ட்லரைப் பதிவு செய்யும் சிக்ஆக்‌ஷனில் அதை மாற்று ஸ்டாக்கில் ஓட்டச் சொல்லும் எஸ்ஏ_ஆன்ஸ்டாக் ஃப்ளாக்கைப் போட மறந்திருந்தாலும், சாதாரண ஸ்டாக்கில் இடம் இருப்பதால் ஹேண்ட்லர் அங்கேயே ஓடி முடித்துவிடும். நான் எழுதிய முதல் டெஸ்ட்டும் இப்படித்தான் பாஸ் ஆனது. உண்மையில் ஸ்டாக் வழிந்த அன்று ஹேண்ட்லர் ஒரு வரிகூட எழுதவில்லை, புராசஸ் அப்படியே செத்தது.

ஹேண்ட்லர் எந்த ஸ்டாக்கில் ஓடியது என்பதைத்தான் டெஸ்ட் கேட்க வேண்டும். உள்ளே ஒரு லோக்கல் மாறியின் முகவரியை எடுத்து, அது நீங்கள் ஒதுக்கிய நினைவகத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள். நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்தால் லோக்கல் மாறிகள் வேறிடத்துக்கு நகர்ந்திருக்கலாம். அப்போது ஃப்ரேம் (ஓடும் ஃபங்ஷனின் ஸ்டாக் பகுதி) முகவரியைத் தரும் கம்பைலர் பில்ட்-இன்தான் சரி. அப்புறம், அந்த ஃப்ளாக்கை வேண்டுமென்றே எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதும் பாஸ் ஆனால் அந்த டெஸ்ட்டால் பயனில்லை.

சரி, ஸ்டாக்கை உண்மையாகவே வழிய வைக்கலாம் என்று முடிவில்லாத ரிகர்ஷன் (தன்னையே அழைக்கும் ஃபங்ஷன்) எழுதுவோம். இங்கே கம்பைலர் குறுக்கே வரும். ஓ2 ஆப்டிமைசேஷன் நிலையில் டெயில் கால் (ஃபங்ஷனின் கடைசி வேலையாக வரும் அழைப்பு) வெறும் லூப்பாக மாறிவிடும். ஸ்டாக் ஒரு பைட்கூட வளராது, டெஸ்ட் தொங்கிக்கொண்டே இருக்கும். ஃபங்ஷனுக்குள் வாலட்டைல் (கம்பைலர் நீக்கிவிட முடியாத) அரே ஒன்றை வைத்து, ரிகர்ஷன் அழைப்பு திரும்பிய பிறகும் அதைப் படிக்கும்படி எழுதுங்கள். ஸ்டாக் வரம்பு அன்லிமிடெட் ஆக இருக்கும் கணினியில் இது நினைவகத்தையே விழுங்கும். செட்ஆர்லிமிட் மூலம் வரம்பு போட்டு, ஃபோர்க் செய்த சைல்டு புராசஸுக்குள் மட்டும் ஓட்டுங்கள்.

மாற்று ஸ்டாக்கின் அளவிலும் கவனம் தேவை. எக்ஸ்86 லினக்ஸில் குறைந்தபட்ச அளவு என்று வெகுகாலம் இருந்த எண் 2048 பைட். ஏவிஎக்ஸ்-512 (அகலமான ரெஜிஸ்டர்கள் கொண்ட கட்டளைத் தொகுப்பு) உள்ள பிராசஸரில் ரெஜிஸ்டர்களைச் சேமிக்கவே அது போதாது. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.34 முதல் சரியான அளவை ஓடும் நேரத்தில் சிஸ்கான்ஃப் ஃபங்ஷனிடம் கேட்க முடியும். உங்கள் கணினியில் ஓடியது என்பதற்காக 8192 என்று கையால் எழுதி வைக்காதீர்கள்.

மாற்று ஸ்டாக் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி. மெயினில் அமைத்தது பித்ரெட்_கிரியேட்டில் பிறக்கும் த்ரெட்டுக்குப் போகாது. அதற்கெனத் தனி டெஸ்ட் எழுதுங்கள். ஹேண்ட்லருக்குள் பாதுகாப்பற்ற பிரிண்ட்எஃப் வேண்டாம், ரைட் போதும். அங்கிருந்து சும்மா ரிட்டர்ன் செய்தால் பழுதான அதே கட்டளை மறுபடி ஓடி மறுபடி சிக்னல் வரும். ஆகவே _எக்சிட் மூலம் ஒரு தனி எண்ணோடு வெளியேறி, அந்த எண்ணைப் பேரண்ட்டில் வெயிட்பிஐடி மூலம் சரிபாருங்கள்.

மாற்று ஸ்டாக்கும் வழியலாம். மேலாக்கில் (malloc) ஒதுக்கியிருந்தால் அது பக்கத்து நினைவகத்தை ஓசையில்லாமல் கெடுக்கும். எம்மேப்பில் (mmap) ஒதுக்கி, அடிமுனையில் உள்ள நினைவகப் பேஜை எம்புரொடெக்ட்டால் (mprotect) தொட முடியாதபடி பூட்டிவிட்டால் அந்த வழிதல் அங்கேயே கிராஷாக வெளிப்படும்.