டெர்மினேட்டர் நாவல்களைக் கட்டாக வாங்காதீர்கள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் ‘டெர்மினேட்டர்’ என்று சொன்னால் பாதிப் பேர் யோசிப்பார்கள். ‘அர்னால்டு படம்’ என்றால் உடனே புரியும். அர்னால்டு மனித உருவ ரோபோவாக வரும் அந்தப் படங்களை ஒட்டி ஆங்கிலத்தில் ஒரு தட்டு நிறைய நாவல்கள் வந்திருப்பது அவ்வளவாகத் தெரியாது. எனக்கும் தெரியாதுதான். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைகள் இடம் மாறிய அல்லிக்குளத்தில் ஒருநாள் மூன்று கண்ணில் பட்டன. “எல்லாம் ஒரே கதைதான் தம்பி, சேர்த்து எடுத்துக்கோ” என்றார் கடைக்காரர். எடுத்துக்கொண்டேன்.

ஒரே கதை இல்லை. முதல் புத்தகத்தில் படத்தின் நாயகி சாரா கானர் பராகுவேயில் மகன் ஜானை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவதில் அவள் செத்து வருஷக்கணக்காகிறது. எப்போது செத்தாள் என்று பின்னோக்கிப் புரட்டியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அட்டையில் ‘டி2’ என்று இருந்தால் அதை இரண்டாம் பாகம் என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. 1991-ல் வந்த இரண்டாவது படம் முடிந்த இடத்திலிருந்து கதை கிளம்புகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். எஸ்.எம். ஸ்டர்லிங் 2001 முதல் 2003 வரை மூன்று நாவல்கள் எழுதினார். ரஸ்ஸல் பிளாக்ஃபோர்டும் 2002, 2003-ல் மூன்று எழுதினார். இரண்டுமே டி2-தான். ஆனால் மூலக்கொத்தளத்தில் இறங்கிய இருவரில் ஒருவர் பேசின் பிரிட்ஜுக்கும் மற்றவர் வண்ணாரப்பேட்டைக்கும் நடையைக் கட்டுகிற மாதிரி, அப்புறம் இரண்டும் சந்திப்பதே இல்லை. ஆரன் ஆல்ஸ்டனின் இரண்டு நாவல்களோ மூன்றாவது படத்தின் உலகம். அந்தப் படத்தில் சாரா ஏற்கெனவே ரத்தப் புற்றுநோயில் இறந்தவள்.

வாங்குமுன் உள்ளே தேதியைத் தேடுங்கள். எந்தப் படத்தை ஒட்டிய கதை என்று அதில் தெரியும். இயந்திரங்களால் உலகம் அழியும் நாள் இரண்டாவது படத்தின்படி 1997 ஆகஸ்ட் 29. அதைத் தடுத்தாயிற்று என்று படம் முடிகிறது. 2003-ல் வந்த மூன்றாவது படம், தடுக்கவில்லை, தள்ளித்தான் போட்டோம் என்று 2004-க்குக் கொண்டுபோகிறது. 2019-ல் வந்த படம் அதையும் கண்டுகொள்ளாமல் மறுபடி இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறது. படம் எடுத்தவர்களே இப்படி என்றால் எழுத்தாளர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

முதல் படத்தின் கதையே இரண்டு நாவல்களாக இருக்கிறது. ஒன்று ஷான் ஹட்சன் எழுதியது. அவர் ரத்தம் தெறிக்கும் திகில் கதைக்காரர். ரோபோ கதைதானே என்று பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தராதீர்கள். இது சுஜாதாவின் ரோபோ நாய் ஜீனோ இல்லை. இன்னொன்று ராண்டல் ஃப்ரேக்ஸும் பில் விஷரும் சேர்ந்து எழுதியது. விஷர், இரண்டாவது படத்தின் திரைக்கதையை ஜேம்ஸ் கேமரூனோடு சேர்ந்து எழுதியவர். ஒன்று போதும் என்றால் இதை எடுங்கள்.

டிமதி ஸானின் ‘ஃப்ரம் தி ஆஷஸ்’ கிடைத்தால், நான்காவது படமான ‘சால்வேஷ’னுக்கு முன்னால் நடக்கும் கதை அது. படத்தைப் பார்க்குமுன் படிக்கலாம்.

சரி, அந்த மூன்றில் எதையாவது திரும்பப் படித்தேனா? ஸ்டர்லிங்கின் முதல் நாவலை மட்டும். பராகுவேயில் சாராவின் அக்கம்பக்கத்துக்கு ஓய்வுபெற்ற உளவாளி ஒருவர் குடிவருகிறார். ஆள் அப்படியே அர்னால்டு. பிற்காலத்தில் அந்தக் கொலைகார ரோபோவுக்கு முகம் வார்க்க அச்சாக இருந்ததே அவர் முகம்தான். அது தெரியாமல் அவரை முதன்முதலில் பார்க்கும் சாராவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.