விசர்நாய்த் தடுப்பூசி முகாம்: புதியவர்கள் விடும் பிழைகள்

புதிதாக முகாம் வேலைக்கு வருபவர்களைப் பார்த்தால், நாங்கள் முன்பு விட்ட பிழைகளே திரும்பி வருகின்றன. ஒவ்வொரு நாய்க்கும் புது ஊசி, அட்டையில் திகதி என்பவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

மருந்தை ஐஸில் புதைப்பது

வன்னி வெயிலுக்குப் பயந்துதான் இந்தப் பிழை தொடங்குகிறது. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, கிரவல் வீதியில் ஓட்டோ குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேருமுன் மருந்து கெட்டுவிடும் என்று பயம். உறைபெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த, கல்லுப் போன்ற ஐஸ் பொதிகளை ரெஜிபோம் பெட்டியின் அடியில் அடுக்கி, குப்பிகளை அதன்மேலேயே வைத்துவிடுவார்கள். மேலே இன்னும் இரண்டு பொதி. எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு.

மருந்து 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்கவேண்டும். வெப்பம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடுக்கும். உறைந்தாலோ ஒரே அடியில் போய்விடும். நாய்க்குப் போடும் பல மருந்துகளில் வீரியத்துக்காக அலுமினிய உப்பு சேர்த்திருக்கும். உறைந்து உருகும்போது அது திரண்டுவிடும். குலுக்கி வைத்தால் சிறு துணிக்கைகள் விரைவில் அடியில் இறங்கும். ஆனால் முகாமில் நாய்கள் இழுபடும் அவசரத்தில் யார் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள்?

எரிச்சல் வருவது இதனால்தான்: அன்றைக்கு எதுவுமே பிழையாகத் தெரியாது. ஊசி ஏறும், அட்டை கிடைக்கும், நாய் வாலாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும். பிறகொரு நாள் அதே நாய் பிள்ளையைக் கடித்தால், "எங்கட நாய்க்கு ஊசி போட்டதுதானே" என்று தாய் அட்டையை எடுத்துக் காட்டுவாள். பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகாது. ஊசியே போடாத நாயென்றால் அன்றே கொண்டு ஓடியிருப்பார்கள்.

செய்யவேண்டியது சின்ன வேலை. ஐஸ் பொதியை வெளியே எடுத்து மேசையில் விடுங்கள். மேலே வியர்க்கும். காதருகே ஆட்டும்போது உள்ளே தண்ணீர் சளக்கென்றால்தான் பெட்டிக்குள் போகலாம். பொதிக்கும் குப்பிக்கும் நடுவே மடித்த பேப்பரோ மட்டையோ வையுங்கள். வெப்பமானி குப்பிகளோடு இருக்கட்டும், மூடியில் ஒட்டவேண்டாம். மணிக்கொரு தடவை பார்த்து எழுதுங்கள். முதல்நாள் இரவு பிரிட்ஜிலும் இதே கவனம்: பின்சுவரோடு ஒட்டியும் உறைதட்டுக்குக் கீழேயும் குப்பி வைக்கக்கூடாது.

உறைந்த குப்பி, உறைந்திருக்கலாம் என்று சந்தேகமான குப்பி இரண்டும் கழிவுக்குத்தான். பத்து நாய்க்கான மருந்து வீணாகிறதே என்று மனம் கேளாது. கேட்கவேண்டாம்.

குட்டிகளைத் திருப்பி அனுப்புவது

"மூன்று மாதம் ஆகட்டும், கொண்டுவாங்கோ" என்றால் அந்தக் குட்டி திரும்பி வராது. பிள்ளைகள் மடியில் வைத்திருப்பதும் குட்டியைத்தான். இன்றே போடுங்கள், குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் மறுபடி போடுங்கள், பிறகு ஆண்டுதோறும். ஊரில் நூறு நாயென்றால் எழுபதுக்காவது ஊசி ஏறினால்தான் நோய் பரவாமல் நிற்கும். குட்டிகளையும், மாட்டுப் பட்டி, மீன்வாடி நாய்களையும் விட்டுவிட்டு அந்த எழுபது வராது. பட்டி நாய் சனசமூக நிலையத்துக்கு வராது, நீங்கள்தான் போகவேண்டும்.

காலபோக அறுவடையில் காலை பத்து மணி முகாம்

ஒருவரும் வரமாட்டார்கள். ஆறு மணிக்குத் தொடங்குங்கள்.

நுரை தள்ளும் நாயின் படம் மட்டும் காட்டுவது

அந்தப் படத்தைப் பார்த்த சனம், பாய்ந்து கடிக்கும் நாய்க்கு மட்டுமே பயப்படும். விசர் பிடித்த சில நாய்கள் பாயவே பாயாது. மூலையில் ஒதுங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், வீணீர் வடியும், விழுங்க முடியாது. வீட்டுக்காரர் தொண்டையில் எலும்பு சிக்கியதென்று வாய்க்குள் கை விடுவார். மாட்டிலும் இதே கதை: கத்திக்கொண்டு நிற்கும், தீன் இறங்காது, பனங்கொட்டை சிக்கியதாக்கும் என்று கை உள்ளே போகும். விரலில் சின்னக் கீறல் இருந்தால் போதும். கூட்டத்தில் இந்தத் தொங்கும் தாடையை முதலில் சொல்லுங்கள்.

மிளகாய்த்தூள், சுண்ணாம்பு

கடிபட்ட காயத்தில் பூசவேண்டாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், பிறகு நேரே ஆஸ்பத்திரி.

கடித்த நாயை அடித்துக் கொல்வது

கட்டி வைத்து 14 நாள் பார்த்திருந்தால் நாய்க்கு விசரா இல்லையா என்று விடை கிடைத்திருக்கும். ஆனால் அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கக்கூடாது, ஊசி எப்போது என்பது வைத்தியரின் முடிவு. நாய் செத்துவிட்டால் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பலாம். பரிசோதிப்பது மூளையை. பொல்லால் தலையைச் சிதைத்துவிட்டு எதை அனுப்புவது?