வழியில் நிற்கும் மரத்தைப் பட்டையிலிருந்து அடையாளம் காண்பது எப்படி

தர்மபுரி பேருந்து நிலையத்தில் இறங்கி என் தையல் கடைக்கு நடக்கிற வழியில், ஒரு பழைய காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அந்த மரம் நிற்கிறது. போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில்தான் நின்று பார்த்தேன். வெளிர்சாம்பல் அடிமரம். பட்டை தகடு தகடாக உரிந்து, உள்ளே இளம்பச்சையும் ரோஸும் கலந்த புதுத்தோல் தெரிந்தது. அவ்வளவு அழகு!

நீங்களும் மழை விட்டதும் பாருங்கள். நனைந்த பட்டையில் நிறம் தூக்கலாகத் தெரியும், வெயில் ஏறினால் வெளிறிவிடும்.

அப்புறம் பட்டை எப்படி விடுபடுகிறது என்று கவனியுங்கள். தைலமரம் நீள நீள நாடாவாக உரியும். கொய்யா மெல்லிய சீவலாக உதிர்ந்து வழவழவென்று நிற்கும். வேம்பும் புளியும் அப்படி உரியாது, வெடிப்பு விடும். கருமருது கட்டம் கட்டமாக வெடித்து முதலை முதுகு மாதிரி இருக்கும். என் மரம் உள்ளங்கை அகலத் தகடுகளாக விட்டிருந்தது. தைலமரமோ என்று இலையைக் கசக்கி முகர்ந்தேன், தைல வாசனை இல்லை.

பட்டையை மட்டும் நம்பிப் பெயர் வைக்காதீர்கள். ஒரே சாதி மரத்திலும் இளசுக்கும் முற்றியதற்கும் பட்டை மாறும். கீழே விழுந்த இலையை எடுத்து, காம்பு சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே குண்டூசித் தலை அளவில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. சுவரோரம் காய்ந்த காய்கள் கிடந்தன. கட்டை மாதிரி கெட்டி, நெடுக்கில் ஐந்து இறக்கை.

காயைப் பூக்கட்டும் அம்மாவிடம் காட்டினேன். "இது தெல்லமத்தி கண்ணு" என்றார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், தெல்ல என்றால் வெள்ளை, மத்தி என்றால் மருது. கன்னடத்தில் ஹொளெமத்தி, அதாவது ஆற்று மத்தி. நம் தமிழில் நீர்மருது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மரத்தின் பெயரை மூன்று மொழிக்காரர்களிடமும் கேளுங்கள், பெயரிலேயே துப்பு கிடைக்கும். ஒகேனக்கல்லில் காவிரிக் கரையில் நிற்பவற்றில் இதுவும் உண்டு. போனால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

துணிக்காரியாக எனக்கு இதில் இன்னொரு சந்தோஷம். நம் ஊர் அங்காடிக்கு வருவது மல்பெரி இலை தின்னும் புழுவின் பட்டுக்கூடு. டஸ்ஸர் பட்டுப்புழுவோ மருத இலையைத் தின்று வளர்வது.

சுற்றளவும் எடுத்து வையுங்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். என் இஞ்ச் டேப் 60 அங்குலத்தில் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் சாக்கால் கோடு போட்டு, அங்கிருந்து மீதியை அளந்தேன். மொத்தம் 74 அங்குலம். டேப் தளராமலும் சாயாமலும் சுற்ற வேண்டும், இடுப்பளவு எடுப்பது போலத்தான். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்.

பட்டையை மட்டும் உரிக்காதீர்கள். தானாக விழுந்த தகடு போதும். மருதம்பட்டை நாட்டுமருந்துக் கடையில் விற்கிற சரக்கு என்பதால் தெருவோர மரத்தையும் சிலர் விடுவதில்லை. இலை தயாரிக்கும் உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து மரமே பட்டுப்போகும்.

என் மரத்திலும் சுவர்ப்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு யாரோ செதுக்கி எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. இப்போது அந்தக் காயத்தின் இரண்டு ஓரத்திலிருந்தும், மடித்துத் தைத்த விளிம்பு போல, புதுப்பட்டை உருண்டு வளர்கிறது. மாதம் ஒருமுறை விரல் வைத்துப் பார்க்கிறேன். தை மாதம் நான்கு விரல் அகலம் இருந்த காயம், இந்த ஆடியில் மூன்று விரல்.