ஊசிவால் தாராவைக் கழுத்தைக் கொண்டு அறிதல்

மாரிமழையில் நீரேரிகள் நிரம்பும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் யாழ்ப்பாணத்துக்கு வலசை வரும் காட்டுத் தாராக்களுள், ஊசிவால் தாராவை இனங்காண்பதே மிக எளிது என்று படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் எண்ணுவதுண்டு. கோப்பி நிறத் தலை, கழுத்தின் பக்கமாக மேலேறும் வெள்ளைக் கோடு, பின்னே 10 சென்ரிமீற்றர் வரை நீளும் கூரிய வால் என அந்தப் படங்களில் இருப்பது முழு வண்ணத்தில் உள்ள ஆண் பறவை. வந்திறங்கும் காலத்தில் அப்படியான ஆணைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சைபீரியா முதலான வடபுலங்களில் இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் தன் அழகிய இறகுகளை உதிர்த்து, பெட்டையைப் போன்ற மங்கிய பழுப்புக்கு மாறிவிடுகிறது. புது இறகு முளைத்து நிறைவதற்கு மார்கழி ஆகிவிடும். எனவே, பெயருக்குக் காரணமான வாலை முதலில் மறந்துவிட்டுக் கழுத்தைப் பார்க்கப் பழகுவதே நல்லது.

பார்ப்பதற்குப் பண்ணைப் பாலத்திலிருந்து மண்டைதீவு வரையிலான நீர்ப்பரப்பு, சரசாலை, தொண்டைமானாற்று நீரேரி ஆகியவை ஏற்றவை. சற்றுத் தூரம் போகக்கூடியவர்களுக்கு, 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம் இருக்கிறது. 8 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி போதும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி, காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாத் தாராவும் கறுப்பாகவே தெரியும். நீரில் இறங்கி நெருங்க வேண்டாம். அன்றாடம் அதே வழியில் நடந்து வலை பார்க்கும் கடற்றொழிலாளரைப் பொறுத்துக்கொள்ளும் கூட்டம், புதிதாக ஒருவர் கரையில் நின்று குனிந்து நிமிர்ந்தாலே எழும்பிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கூட்டத்தில் முதலில் தேட வேண்டியது, மற்றத் தாராக்களை விட உயரமாகவும் ஒல்லியாகவும் நிமிர்ந்து நிற்கும் கழுத்தை. சிறிய தலை, ஒடுங்கிய சாம்பல் நிற அலகு, கூர்ந்து முடியும் பின்புறம் ஆகியன சேர்ந்து, பெட்டைக்குக்கூட ஒரு மெலிந்த வடிவத்தைத் தருகின்றன. பெட்டையின் முகத்தில் கோடுகள் இல்லை; பழுப்புத் தலை வெறுமையாக இருக்கும். அருகில் மேயும் நீலச்சிறகி அளவில் மிகச் சிறியது என்பதோடு, அதன் பெட்டையின் முகத்தில் வெளிர்க் கோடுகளும் கருங்கோடுகளும் மாறி மாறி ஓடும். நாமத்தலைத் தாராவுக்கு உருண்டைத் தலையும் குட்டை அலகும் குறுகிய கழுத்தும் உண்டு. கரண்டி போன்ற அலகுடைய ஆண்டித் தாராவைப் பற்றிக் குழப்பமே வராது.

அந்தக் கழுத்து எதற்காக என்பதை மேயும்போது காணலாம். தாரா தலைகீழாகக் கவிழ்ந்து, வாலை மேலே நீட்டிக்கொண்டு, ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் ஆழம் வரை சேற்றைத் துழாவுகிறது. இதைப் போலக் கவிழ்ந்து மேயும் சிறிய தாராக்களுக்கு அந்த ஆழம் எட்டாது. இங்கே இருக்கும் மாதங்களில் நீர்த்தாவரங்களின் விதை, வேர், கிழங்கு ஆகியவையே பெரும்பாலும் உணவு. முட்டையிடும் காலத்தில்தான் பூச்சி, நத்தை போன்றவற்றை மிகுதியாக நாடுகிறது. ஒரு சிக்கல் உண்டு: பகலில் இவை நடு நீரில் கூட்டமாக மிதந்தபடி, அலகை முதுகிறகில் செருகி உறங்குவதால் கழுத்தே தெரியாது. நடுப்பகலில் போய்க் களைத்துத் திரும்புவதை விட, பின்னேரம் 5 மணி தொடக்கம் இருட்டும் வரை காத்திருங்கள். அப்போதுதான் ஒவ்வொன்றாக விழித்து, இரவு மேய்ச்சலுக்குப் புறப்படும்.

எழுந்து பறக்கையில், முன்னே நீண்ட கழுத்தும் பின்னே கூரிய வாலுமாக, ஒடுங்கிய சிறகுகளுடன் விரைந்து போகும். சிறகின் பின்விளிம்பில் ஓடும் வெள்ளைக் கோடு பெட்டையில்கூடத் தெளிவாகத் தெரியும். நான் முதலில் உறுதி செய்வது அதைத்தான்.

தை, மாசியில் வந்தால் படத்திலுள்ள ஆணைப் பார்க்கலாம். வடக்கே போய்ச் சேருமுன் குளிர்கால இருப்பிடத்திலேயே இவை சோடி சேர்வதால், ஒரு பெட்டையைச் சுற்றிப் பல ஆண்கள் கழுத்தை நிமிர்த்தி மெல்லிய சீழ்க்கை ஒலி எழுப்புவதை அமைதியான காலையில் கேட்க முடியும். கூடு மட்டும் இங்கே கிடைக்காது. அது வடக்கே தரையில் அமைவது. பெரும்பாலும் 7 முதல் 9 வரை முட்டைகள், பெட்டை மட்டுமே அடைகாக்கும் 22 முதல் 24 நாட்கள்.

எண்ணிக்கை எடுக்க விரும்பினால், முதலில் 10 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து பிடிக்கும் இடத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மீது நகர்த்திச் செல்லுங்கள். மீன்பிடிக்க நட்டிருக்கும் தடிகளை எல்லையாகக் கொண்டால் ஒரே கூட்டத்தை இருமுறை எண்ணும் தவறு குறையும். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர எண்ணுபவர்கள் மார்கழியிலேயே இதைப் பழகிக்கொள்ளலாம். குறிப்பேட்டில் இடம், நேரம், நீர்மட்டம் மூன்றையும் எழுதுங்கள். ஆண், பெட்டை பிரித்தறிய முடியாத பறவைகளை ஊகத்தில் பிரிக்காமல் மொத்தமாகவே பதியுங்கள்.