சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரைக் கழற்றித் துடைத்து மாட்டும் முறை

இந்தச் செய்முறை கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, அதாவது ஒவ்வொரு சுடுதலுக்கும் ஹேமரை (பின்பக்கச் சுத்தியை) கையால் இழுக்க வேண்டிய 1873 மாடலுக்கும், அதே அமைப்பில் இத்தாலியில் உபெர்ட்டி நிறுவனம் செய்யும் நகல்களுக்கும் பொருந்தும். ரூகர் நிறுவனத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கடைசிப் பத்தியை முதலில் படித்துவிடுங்கள்.

தோட்டாக்கள் வேறு அறைக்குப் போகட்டும். குழல் ஆளில்லாத திசையில் இருக்கட்டும், விசையில் விரல் வேண்டாம். ஹேமரை இரண்டு 'கிளிக்' பின்னால் இழுத்தால் சிலிண்டர் தடையின்றிச் சுழலும் அரைநிலை வரும். லோடிங் கேட்டை (தோட்டா போடும் பக்கக் கதவை) திறந்து சிலிண்டரைச் சுற்றி, தோட்டா உட்காரும் ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவுங்கள். "ஐந்துதான் போட்டேன்" என்ற நினைவை நம்பவே கூடாது. இந்த 1873 அமைப்பில் தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஊசி ஹேமரிலேயே இருக்கிறது, ஹேமரில் அடி பட்டாலே வெடிக்கலாம். அதனால்தான் ஹேமருக்குக் கீழே வரும் அறையைக் காலியாக விட்டு ஐந்து மட்டும் நிரப்புவது வழக்கம்.

கேட் திறந்தபடியே இருக்க, சட்டத்தின் முன்பக்கக் குறுக்குத் தாழை அழுத்தி, சிலிண்டரின் அச்சுத் தண்டான பேஸ் பின்னை முன்னால் இழுங்கள். மிகப் பழைய துப்பாக்கிகளில் தாழுக்குப் பதில் சின்னத் திருகு இருக்கும். சிலிண்டரை வலப்பக்கம் உருட்டி எடுக்கலாம். பல கோல்ட்களில் அதன் நடுவே உள்ள சிறு புஷிங் (உள்குழாய்) கழன்று விழும், தொலைத்துவிடாதீர்கள்.

பலர் மாட்டிக்கொள்வது பேஸ் பின்னில்தான். வெடிமருந்துக் கரி இறுகினால் அது நகராது. குறடை (பிளையரை) நேராகப் போட்டு முறுக்கினால் தலை சிதைந்துவிடும். முதலில் தாழ் முழுக்க அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள், பாதி பிரச்சினை அங்கேதான். பிறகு ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு கால் மணி நேரம் பொறுத்து, தோல் துண்டு சுற்றிய குறடால் லேசாகத் திருப்பியபடி நேராக இழுங்கள்.

சட்டத்தின் பின்பக்கம் மூடியிருப்பதால் துடைப்புக் கம்பியைக் குழலின் வாயிலிருந்துதான் விட வேண்டும். வாய் விளிம்பு தேய்ந்தால் குறி தவறும்; பித்தளை வாய்க்காப்பு கட்டாயம் வேண்டும். அறைகளை உலரத் துடையுங்கள், எண்ணெய் தங்கினால் தோட்டாவின் பிரைமர் (தீமூட்டி) கெட்டுவிடும். பேஸ் பின்னுக்கு மட்டும் மெல்லிய பூச்சு போதும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கரியில் ஈயம் இருக்கிறது.

உள்ளே விசை, போல்ட் (சிலிண்டரைப் பூட்டும் நாக்கு), வில் வரைக்கும் தொடக்கத்தில் போக வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருகுமுனைகளை வாங்குங்கள். வீட்டு ஸ்க்ரூடிரைவரின் முனை ஆப்பு வடிவம், அது திருகின் பள்ளத்தைத் தின்றுவிடும்.

மாட்டும்போது சிலிண்டர் இடிக்கும், ஏனென்றால் அரைநிலையில் சிலிண்டரைச் சுழற்றும் 'கை' என்ற உறுப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வலப்பக்கமிருந்து நுழைத்து, கடிகாரத் திசையில் கொஞ்சம் திருப்பினால் உட்காரும். பேஸ் பின்னை முழுதாகச் செருகுங்கள். அரைநிலையிலிருந்து ஹேமரை நேராக இறக்காதீர்கள், போல்ட் சிலிண்டரைச் சுற்றிக் கோடு கீறிவிடும். கேட்டை மூடி, ஹேமரை முழுக்க இழுத்து, கட்டைவிரலால் பிடித்து இறக்குங்கள்.

பிற்சேர்க்கை: ஹேமர் முழுக்கக் கீழே இறங்கவில்லையா? சில உபெர்ட்டிகளில் பேஸ் பின்னுக்கு இரண்டு பள்ளம் உண்டு. ஆழமான பள்ளத்தில் உட்கார்ந்தால் பேஸ் பின் ஹேமரைத் தடுத்து நிறுத்தும், அது அவர்களின் பாதுகாப்பு ஏற்பாடு. ஒரு பள்ளம் வெளியே இழுத்தால் சரியாகிவிடும்.

ரூகர் நியூ மாடல் பிளாக்ஹாக், 1973 முதல்: அரைநிலையே கிடையாது. ஹேமர் கீழே இருக்க, கேட்டைத் திறந்தாலே சிலிண்டர் சுழலும். மற்றபடி மேலே சொன்ன வரிசையேதான்.